வங்கி நம் பண விவரங்களை எப்படிப் பாதுகாக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கணக்கு தொடங்கும்போது எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போடுகிறோம். அவற்றில் ஒன்று, நம் விவரங்களை வங்கி எப்படி வைத்துக்கொள்ளும், யாருக்குக் கொடுக்கும் என்று சொல்லும் தாள். அதை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. படித்தாலும் புரிகிற மொழியில் அது இருப்பதில்லை. அந்தத் தாளில் இருப்பதையும், இருந்திருக்க வேண்டியதையும் கேள்வி பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல பதில்களில் அது திரும்ப வரும். நல்ல வங்கி நம் ரகசியங்களைப் பூட்டி வைப்பதோடு நிற்பதில்லை. மிக முக்கியமான சில ரகசியங்கள் தனக்கே தெரியாதபடி பார்த்துக்கொள்கிறது.

வங்கியிடம் என்னைப் பற்றி என்னதான் இருக்கிறது?

பெயர், முகவரி, பிறந்த தேதி, கைபேசி எண், கையெழுத்து மாதிரி, புகைப்படம், அடையாள அட்டை நகல், வருமான விவரம், நாமினி பெயர். இவையெல்லாம் நாமே எழுதிக் கொடுத்தவை. இவற்றைவிட அதிகம் பேசுவது, நாம் எழுதிக் கொடுக்காத ஒன்று: கணக்கில் நாள்தோறும் விழும் வரவு செலவுப் பதிவு.

ஒருவருடைய ஓராண்டு ஸ்டேட்மென்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். எங்கே வேலை பார்க்கிறார், எந்த மருத்துவரிடம் போகிறார், யாருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார், எந்த அமைப்புக்கு நன்கொடை தருகிறார், எந்த மாதத்தில் கை இறுகியது, எல்லாம் தெரிந்துவிடும். கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாதது அதில் இருக்கும். அதனால்தான் "என் கணக்கில் பெரிய தொகை எதுவும் இல்லையே, எனக்கு என்ன ரகசியம்?" என்று யாராவது கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பணம் குறைவாக இருப்பதும் ஒருவருடைய சொந்த விஷயம்தான்.

இவை தவிர, எந்தக் கருவியிலிருந்து, எந்த நேரத்தில், எந்த இணைய முகவரி வழியாக உள்ளே வந்தீர்கள் என்பதும் பதிவாகிறது. வேறொருவர் உங்கள் பெயரில் நுழைந்தால் கண்டுபிடிக்க அது உதவும்.

ரகசியம் காக்கும் கடமை வங்கிக்கு எங்கிருந்து வந்தது? இது வங்கி தானாகச் செய்யும் உபகாரமா?

உபகாரம் இல்லை, சட்டக் கடமை. அதன் பின்னால் ஒரு மனிதரின் வேலை போன கதை இருக்கிறது.

1920-களில் இங்கிலாந்தில் ஒருவர் தன் வங்கிக்குப் பத்து பவுண்டுக்கும் சற்றுக் குறைவான தொகை பாக்கி வைத்திருந்தார். வாரம் ஒரு பவுண்டாகத் தருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு கட்ட முடியாமல் போனது. கிளை மேலாளர் அவருடைய முகவரியை விசாரிப்பதற்காக, அவர் வேலைக்குச் சேர்ந்திருந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தார். பேச்சோடு பேச்சாக, அவருக்குப் பாக்கி இருப்பதையும் பந்தயச் சூதாட்டக்காரர்களோடு பணப் புழக்கம் இருப்பதாகத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிட்டார். நிறுவனம் அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார்.

டூர்னியர் வழக்கு என்று அழைக்கப்படும் அந்த வழக்கின் தீர்ப்பு 1924-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் வெளியானது. வாடிக்கையாளரின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தின் ஒரு பகுதி, எழுதப்படாவிட்டாலும் அது உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. நான்கு விலக்குகளை மட்டும் வைத்தது. சட்டம் கட்டாயப்படுத்தினால் சொல்லலாம்; பொதுமக்களுக்கான கடமை இருந்தால் சொல்லலாம்; வங்கி தன் சொந்த நலனைக் காக்கத் தேவைப்பட்டால், உதாரணமாகக் கடனை வசூலிக்க நீதிமன்றம் போகும்போது, சொல்லலாம்; வாடிக்கையாளரே சம்மதித்தால் சொல்லலாம். ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளில் இன்றும் இந்த நான்கையும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

பிறகு தனிச் சட்டங்கள் வந்தன. சுவிட்சர்லாந்து 1934-இல் வங்கி ரகசியத்தை மீறுவதைக் குற்றமாக்கியது. அமெரிக்காவில் 1999-இல் வந்த சட்டம், விவரங்களை யாரோடு பகிர்கிறோம் என்று வாடிக்கையாளருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கிறது. சிங்கப்பூர் 2012-இலும், இலங்கை 2022-இலும், இந்தியா 2023-இலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின.

வங்கியில் வேலை பார்க்கிற எவரும் என் கணக்கைத் திறந்து பார்க்கலாமா?

இந்தக் கேள்வியைத்தான் மக்கள் அதிகம் கேட்கிறார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. தெரிந்தவர் ஒருவர் அதே கிளையில் வேலை பார்ப்பார்; அவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம்.

ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பயனர் பெயர் உண்டு, அதற்கு ஓர் எல்லை உண்டு. காசாளருக்குப் பணம் வாங்கவும் கொடுக்கவும் தேவையானது தெரியும். கடன் பிரிவில் இருப்பவருக்குக் கடன் கோப்பு தெரியும். தொலைபேசி சேவை மையத்தில் இருப்பவரின் திரையில் அட்டை எண்ணின் மற்ற இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும். முகவரி மாற்றம், கைபேசி எண் மாற்றம் போன்றவற்றை ஒருவர் பதிவு செய்தால் இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய மென்பொருள் விடாது.

அதைவிட முக்கியம், யார் எந்தக் கணக்கை எப்போது திறந்தார் என்பது பதிவாகிவிடுகிறது. வெறுமனே பார்த்தாலும் பதிவாகும். அந்தப் பதிவை ஊழியரால் அழிக்க முடியாது. நீண்ட காலம் அசையாமல் கிடக்கும் கணக்குகள், பிரபலமானவர்களின் கணக்குகள், சக ஊழியர்களின் கணக்குகள் ஆகியவற்றை வேலை இல்லாமல் திறப்பவர்களைக் கண்காணிப்பில் தனியாகத் தேடுவார்கள்.

இது நூற்றுக்கு நூறு வேலை செய்யுமா? செய்யாது. பார்க்க அனுமதி உள்ள ஒருவர் பார்த்துவிட்டு வெளியே வாயால் சொன்னால் எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. ஆனால் யார் பார்த்தார் என்று பின்னால் கண்டுபிடிக்க முடியும். உங்களுக்கு உண்மையான சந்தேகம் இருந்தால், "இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில் என் கணக்கைப் பார்த்தவர்கள் யார், காரணம் என்ன என்று விசாரிக்க வேண்டும்" என்று எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்ன புகார் கிளையோடு நின்றுவிடும். எழுத்தில் கொடுத்ததற்குப் பதில் தந்தாக வேண்டும்.

என் அட்டையின் பின் (PIN) எண் வங்கிக்குத் தெரியுமா?

தெரியாது. தெரியக் கூடாது என்றே முழு அமைப்பும் கட்டப்பட்டிருக்கிறது.

ஏடிஎம்மில் நீங்கள் நான்கு எண்களை அழுத்தும்போது, அந்த விசைப்பலகைக்குள்ளேயே அவை குறியாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது உரிய சாவி இல்லாதவர் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றப்படுகின்றன. இயந்திரத்தின் உள்ளே இருக்கும் கணினிக்கும் அந்த எண்கள் தெரிவதில்லை. குறியாக்கப்பட்ட பொட்டலம் வங்கியின் தரவு மையத்துக்குப் போகிறது. அங்கே அதற்கென்றே ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. அதன் உறையை யாராவது பிரிக்க முயன்றால் தன்னிடம் உள்ள சாவிகளைத் தானே அழித்துவிடும்படி செய்யப்பட்டது அது. பின் எண்ணைச் சரிபார்ப்பது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். வெளியே வரும் விடை சரி அல்லது தவறு, அவ்வளவே.

அந்தப் பெட்டியின் தலைமைச் சாவியும் ஒரே ஆளிடம் இருப்பதில்லை. இரண்டு மூன்று அதிகாரிகளிடம் துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொருவரும் தன் துண்டைத் தானே உள்ளிட வேண்டும். ஒருவர் துண்டு இன்னொருவருக்குத் தெரியாது, முழுச் சாவி எவருக்குமே தெரியாது. முதல்முறை பின் எண் அஞ்சலில் வந்தால், கிழித்தால் மட்டுமே எழுத்து தெரியும் உறையில் வருவதும் இதனால்தான். அச்சடித்தவரும் பார்த்திருக்க மாட்டார்.

நான்கு இலக்கம் என்றால் மொத்தம் 10,000 வாய்ப்புகள்தான். கணினிக்கு அது நொடி வேலை. அதனால்தான் மூன்று முறை தவறினால் அட்டை முடங்குகிறது. அவசரத்தில் மாட்டிக்கொண்டு எரிச்சல்பட்டிருப்போம், ஆனால் அந்த எரிச்சலான விதிதான் நான்கே இலக்கங்களை நம்பத்தக்க பூட்டாக ஆக்குகிறது.

இவ்வளவு நீளமாக இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வங்கி தனக்கே தெரியக் கூடாது என்று இத்தனை பாடுபட்டு மறைத்து வைத்திருக்கும் ஒன்றை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் தொலைபேசியில் கேட்கிறார் என்றால், அவர் வங்கி ஆள் இல்லை. இதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதே இல்லை.

இணைய வங்கிக் கடவுச்சொல்? அதுவுமா தெரியாது?

ஒழுங்காக நடத்தப்படும் வங்கியில் அதுவும் அப்படியே சேமிக்கப்படுவதில்லை. கடவுச்சொல்லை ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தி, அதிலிருந்து வரும் நீண்ட எழுத்துக் கோவையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். மாவாக அரைத்ததைத் திரும்ப அரிசியாக்க முடியாத மாதிரி, அந்தக் கோவையிலிருந்து கடவுச்சொல்லை மீட்க முடியாது. அடுத்த முறை நீங்கள் தட்டச்சு செய்வதையும் அதேபோல் அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பார்கள். அரைப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எழுத்துத் துணுக்கைச் சேர்ப்பதால், இரண்டு பேர் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தாலும் சேமிப்பில் வேறு வேறாகத்தான் இருக்கும்.

நீங்களே சோதிக்க ஒரு வழி: "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்திப் பாருங்கள். புதியதை வைத்துக்கொள்ளச் சொன்னால் சரி. எந்தத் தளமாவது உங்கள் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பி வைத்தால், அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் தளத்தில் வைத்த கடவுச்சொல்லை வேறெங்கும் வைக்காதீர்கள்.

உலாவியில் பூட்டுப் படம் இருந்தால் பயமில்லை என்கிறார்களே?

பாதி உண்மை. உங்கள் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் இருப்பவர் படிக்க முடியாது என்பதற்கு அது உத்தரவாதம். மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திருட்டுத் தளமும் அந்தப் பூட்டுக்கான சான்றிதழை வாங்கி அதே படத்தைக் காட்டலாம். முகவரியின் எழுத்துகளைக் கூட்டிப் படியுங்கள். இன்னும் நல்லது, வங்கி முகவரியை நீங்களே தட்டச்சு செய்து சேமித்து வைத்துக்கொண்டு எப்போதும் அதிலிருந்தே போவது. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டு வங்கிக்குள் போகும் பழக்கமே வேண்டாம்.

சேமித்து வைத்த விவரங்களை யாராவது அப்படியே தூக்கிக்கொண்டு போனால்?

சேமிப்பிலும் குறியாக்கம் உண்டு. அமெரிக்கத் தர நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்ட ஏஇஎஸ் என்ற முறைதான் இன்று உலகம் முழுதும் பரவலாக இருக்கிறது. விவரங்கள் இருக்கும் கணினியின் நினைவகத் தட்டை மட்டும் எடுத்துப் போனவருக்குக் கிடைப்பது அர்த்தமில்லாத குப்பை. சாவி வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பதே இங்கே உயிர்நாடி. பூட்டிய வீட்டின் கதவிலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி, இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் குறியாக்கம் பெயருக்குத்தான்.

மறந்துபோகிற இடங்கள் வேறு இருக்கின்றன. பழைய கணினிகள், காப்புப் பிரதிகள், ஒப்பந்தம் முடிந்து திரும்பிப் போகும் நகல் எடுக்கும் இயந்திரங்கள். பல நகல் இயந்திரங்களுக்குள் நினைவகத் தட்டு இருக்கிறது. நகலெடுத்த அடையாள அட்டைகளின் படம் அதில் தங்கலாம். அதை அழிக்காமல் வெளியே அனுப்புவது, கோப்பு அலமாரியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். கவனமான வங்கிகள் தட்டுகளை அழித்ததற்குச் சான்றிதழ் வாங்கி வைக்கின்றன. கடையிலோ அலுவலகத்திலோ உங்கள் அட்டை நகலைக் கேட்டால், நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் அந்த நகலை வேறிடத்தில் பயன்படுத்துவது கடினமாகிவிடும்.

அட்டையை இணையத்தில் பயன்படுத்துகிறேன். எண் எங்கெல்லாம் தங்குகிறது?

அட்டை நிறுவனங்கள் சேர்ந்து 2004-இல் வெளியிட்ட பாதுகாப்புத் தரம் ஒன்று இருக்கிறது. அட்டை எண்ணைத் தொடுகிற எல்லோருக்கும் அது பொருந்தும். அதன்படி, அட்டையில் அச்சிட்ட மூன்று இலக்க சிவிவி எண்ணை, பணம் செலுத்த ஒப்புதல் கிடைத்த பிறகு விற்பனையாளர் எந்த வடிவத்திலும் சேமிக்கக் கூடாது. குறியாக்கம் செய்தும் கூடாது.

டோக்கன் என்ற முறையும் வந்துவிட்டது. உண்மையான அட்டை எண்ணுக்குப் பதிலாக, அந்த ஒரு விற்பனையாளருக்கு மட்டும் அல்லது அந்த ஒரு கைபேசிக்கு மட்டும் செல்லும் மாற்று எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அந்த விற்பனையாளரின் சர்வருக்குள், அதாவது விவரங்களைச் சேமிக்கும் கணினிக்குள், யாராவது புகுந்தாலும், கிடைத்த எண்ணை வேறிடத்தில் போட்டால் செல்லாது. அட்டையைச் சேமிக்கவா என்று கேட்கும்போது டோக்கன் முறையில் என்று சொன்னால் நம்பிக் கொடுக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வதே மேல் என்பேன்.

அட்டையில் இருக்கும் சிப்பும் இதே வழிதான். கறுப்புக் காந்தப் பட்டையில் எப்போதும் ஒரே தகவல் இருக்கும், நகலெடுக்கலாம். சிப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. நேற்றைய குறியீடு இன்று செல்லாது. மாஸ்டர்கார்டு 2033-க்குள் தன் அட்டைகளிலிருந்து காந்தப் பட்டையை முழுதாக நீக்கப்போவதாக அறிவித்திருக்கிறது.

ஓடிபி இருக்கும்போது எனக்கென்ன பயம்?

ஓடிபி நல்ல காவல்தான். கடவுச்சொல் திருடு போனாலும் கைபேசி உங்கள் கையில் இருக்கும்வரை திருடன் உள்ளே வர முடியாது. ஆனால் எஸ்எம்எஸ் வழியாக வரும் ஓடிபிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது: அது உங்கள் கைக்கு வருவதில்லை, உங்கள் எண்ணுக்கு வருகிறது. யாராவது உங்கள் பெயரில் போலி ஆவணம் கொடுத்து மாற்று சிம் வாங்கிவிட்டால், செய்திகள் எல்லாம் அவருக்குப் போகும். கைபேசியில் திடீரென்று சிக்னல் போய் மணிக்கணக்கில் வராவிட்டால் அலட்சியமாக இருக்காதீர்கள். வேறு கைபேசியிலிருந்து தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழையுங்கள். செயலிக்குள்ளேயே ஒப்புதல் கேட்கும் வசதி உங்கள் வங்கியில் இருந்தால் அதற்கு மாறிக்கொள்வது நல்லது.

அப்புறம், ஓடிபி செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவு தொகை, யாருக்கு என்பதும் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். பணம் வரப்போகிறது என்று சொல்லி ஓடிபி கேட்பவர்கள் பிழைப்பது நாம் அந்த வரியைப் படிக்காததால்தான்.

அழைத்தவருக்கு என் பெயர், முகவரி, அட்டையின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் தெரிந்திருந்தது. அப்படியும் போலியாக இருக்குமா?

இருக்கும். கடைசி நான்கு இலக்கம் ரசீதுகளிலும் அச்சாகிறது. பெயரும் முகவரியும் எத்தனையோ இடங்களில் கொடுத்திருக்கிறோம். திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தாலும் நம்ப முடியாது. அழைப்பவர் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். பேச்சைத் துண்டியுங்கள். அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். உண்மையான வங்கி ஊழியர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். "வைத்துவிடாதீர்கள், வைத்தால் பணம் போய்விடும்" என்று அவசரப்படுத்தினால் அது ஏமாற்று. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த ஒரு பதிலை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள். ஏமாந்தவர்களைத் திட்டாதீர்கள், திட்டுக்குப் பயந்துதான் பலர் சொல்லாமல் மறைக்கிறார்கள், தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

நான் செய்யாத பரிவர்த்தனையை வங்கி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உங்கள் வழக்கத்தை வைத்து. எவ்வளவு, எந்த நேரத்தில், எங்கே செலவழிப்பீர்கள் என்பதை மென்பொருள் கவனித்து வைத்திருக்கும். சற்று முன் ஒரு நாட்டில் தேய்த்த அட்டை, அரை மணியில் வேறொரு கண்டத்தில் தேய்க்கப்பட்டால் நிறுத்திவிடும். இதே பதிவுகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பது வேறு கேள்வி. மோசடி தடுக்கச் சேகரித்ததை விற்பனைக்குத் திருப்புவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. பல நாட்டுச் சட்டங்களும் அதற்குத் தனிச் சம்மதம் கேட்கின்றன அல்லது வேண்டாம் என்று சொல்லும் உரிமையைத் தருகின்றன.

என் விவரங்கள் வங்கிக்கு வெளியே யாருக்கெல்லாம் போகின்றன?

நினைப்பதைவிட அதிகம் பேருக்கு. கடன் வாங்கினால், தவணை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பது கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகும். காசோலைப் புத்தகம் அச்சடிப்பவர், அட்டை தயாரிப்பவர், குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம், சேவை மையம் நடத்தும் நிறுவனம், மென்பொருள் பராமரிப்பவர் ஆகியோருக்கு அவரவர் வேலைக்குத் தேவையானது போகும். வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதுதான். "அது அந்த நிறுவனத்தின் தவறு" என்று வங்கி கை கழுவினால் ஏற்காதீர்கள்.

அரசுக்கும் போகும். நீதிமன்ற ஆணை, வரித்துறைக் கேள்வி, பணச் சலவைத் (குற்றத்தில் வந்த பணத்தை நல்ல பணமாகக் காட்டுவது) தடுப்புச் சட்டம் ஆகியவற்றுக்கு வங்கி பதில் சொல்லியாக வேண்டும். சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை என்று வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பினால், அதை வாடிக்கையாளருக்குச் சொல்வதே பல நாடுகளில் குற்றம். ஒரு நாட்டில் குடியிருந்து இன்னொரு நாட்டில் கணக்கு வைத்திருப்பவர்களின் விவரம், 2014-இல் ஒப்புக்கொண்ட பன்னாட்டு ஏற்பாட்டின்படி 2017 முதல் நாடுகளுக்கிடையே ஆண்டுதோறும் பரிமாறப்படுகிறது.

காப்பீடு, கடன், முதலீடு விற்கும் துணை நிறுவனங்களுக்குக் கொடுப்பதைத்தான் நீங்கள் தடுக்க முடியும். கணக்குத் தொடங்கும் படிவத்தில் அதற்கான கட்டம் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கலாம். செயலியின் அமைப்புகளில் போய் எடுத்துவிடுங்கள், அல்லது கிளையில் எழுதிக் கொடுங்கள்.

கணவன், மனைவி, பெற்றோர் கேட்டால் வங்கி சொல்லுமா?

கூட்டுக் கணக்காக இருந்தால் இருவருக்கும் முழு உரிமை உண்டு. தனிக் கணக்கு என்றால், எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் சொல்லக் கூடாது. நாமினி என்பதாலேயே உயிரோடு இருக்கும்போது கணக்கைப் பார்க்கும் உரிமை வந்துவிடாது. உடல்நலம் குன்றியவருக்காக யாராவது கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தால், கடவுச்சொல்லைக் கொடுப்பதைவிட முறையான அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதே இருவருக்கும் பாதுகாப்பு.

செலவுக் கணக்கு பார்க்கும் செயலி ஒன்று என் வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. கொடுக்கலாமா?

வேண்டாம். வேறொரு நிறுவனம் உங்கள் கணக்கு விவரத்தைப் பார்க்க வேண்டுமென்றால், வங்கியின் பக்கத்துக்கே உங்களை அனுப்பி, அங்கே நீங்கள் நுழைந்து சம்மதம் தரும் முறைகள் பல நாடுகளில் வந்துவிட்டன. எதைப் பார்க்கலாம், எத்தனை நாளைக்கு என்பதை நீங்கள் முடிவு செய்யலாம், பிறகு ரத்தும் செய்யலாம். கடவுச்சொல்லையே கொடுத்துவிட்டால் எல்லை என்று எதுவும் கிடையாது.

பெரிய வங்கிகளிலேயே விவரங்கள் கசிந்திருக்கின்றனவே?

கசிந்திருக்கின்றன. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

2014-இல் அமெரிக்காவின் ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் 7.6 கோடி குடும்பங்கள், 70 லட்சம் சிறு தொழில்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் திருடப்பட்டன. கணக்கு எண்ணோ கடவுச்சொல்லோ போனதற்கு ஆதாரம் இல்லை என்று வங்கி சொன்னது. இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சோதனையும் கேட்பது) வைக்காமல் விடுபட்ட ஒரு சர்வர் வழியாக நுழைந்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. எத்தனை கதவுகளைப் பூட்டினோம் என்பது கணக்கில் வராது, திறந்து கிடந்த ஒன்றுதான் கணக்கில் வரும்.

2019-இல் கேபிடல் ஒன் வங்கியில் அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. வெளியாட்கள் நுழையாமல் தடுக்கும் மென்பொருள் தடுப்புச் சுவர் (ஃபயர்வால்) ஒன்றைத் தவறாக அமைத்ததுதான் வழி. அந்த வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. என்னை உறுத்துவது வேறொன்று. போனவற்றில் 2005-ஆம் ஆண்டு முதல் கொடுத்த கடன் அட்டை விண்ணப்பங்கள் இருந்தன. பதினான்கு ஆண்டு பழைய தாள்! அன்றே அழித்திருந்தால் திருட எதுவும் இருந்திருக்காது.

கணக்கை மூடிவிட்டால் என் விவரங்களை அழித்துவிடுவார்களா?

உடனே அழிக்க மாட்டார்கள். பணச் சலவைத் தடுப்புக்கான பன்னாட்டுப் பரிந்துரைப்படி, உறவு முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். சில நாடுகளில் இன்னும் அதிகம். அந்தக் காலம் முழுதும் ரகசியக் கடமையும் தொடர்கிறது. காலம் முடிந்த பிறகும் வைத்திருக்கிறார்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. மேலே சொன்ன 2005 விண்ணப்பங்களை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

விவரம் கசிந்தால் எனக்குச் சொல்வார்களா? நான் என்ன செய்வது?

ஐரோப்பிய ஒன்றியத்தில், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டும். மக்களுக்குப் பெரிய ஆபத்து இருந்தால் அவர்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். மற்ற நாடுகளில் காலக்கெடு வேறுபடும்.

கடிதம் வந்தால் முதலில் எது போனது என்று பாருங்கள். கடவுச்சொல் என்றால் மாற்றுங்கள், அதே சொல்லை வைத்திருந்த மற்ற இடங்களிலும் மாற்றுங்கள். அட்டை எண் என்றால் புதிய அட்டை கேளுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும்தானே என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த சில மாதங்களுக்கு உங்களுக்கு வரும் போலி அழைப்புகள் அந்த விவரங்களை வைத்துத்தான் வரும். அடையாள எண் போயிருந்தால் கடன் தகவல் அறிக்கையை வாங்கிப் பார்த்து, நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று தேடுங்கள். அடையாள எண்ணை எளிதில் மாற்ற முடியாது என்பதால் இந்தச் சோதனையை ஆண்டுக்கொரு முறையாவது தொடர வேண்டும்.

என்னைப் பற்றி வைத்திருப்பதை வங்கியிடம் கேட்டு வாங்க முடியுமா?

தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கும் பெரும்பாலான நாடுகளில் முடியும். தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும் முடியும். பழைய முகவரியும் பழைய கைபேசி எண்ணும் பெரிய ஆபத்து: உங்கள் எச்சரிக்கைச் செய்திகள் யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும். வங்கி பதில் தராவிட்டால் அதன் குறைதீர்ப்பு அதிகாரியிடமும், பிறகு நாட்டின் வங்கி ஒழுங்குமுறை அமைப்பிடமும் போகலாம்.

கைபேசி தொலைந்துவிட்டது, வங்கிச் செயலி அதில் இருக்கிறது. முதலில் எதைச் செய்வது?

முதலில் சிம்மை முடக்குங்கள், ஏனென்றால் ஓடிபி அதற்குத்தான் வரும். அடுத்து வங்கியை அழைத்துச் செயலி அணுகலையும் அட்டையையும் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றாவதாக, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் மீட்கும் வழி அந்த மின்னஞ்சல்தான். கைபேசியைத் தேடுவதெல்லாம் இதற்குப் பிறகு. வங்கி எண்ணையும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள், கைபேசியிலேயே சேமித்து வைத்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும். பேசி முடித்ததும் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குப் பிறகு போன பணத்துக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வரும்போது, அந்த இரண்டு வரிக் குறிப்புதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.